லீசே மைட்னர் அம்மையார்

சங்க மலருக்குக் கவிதையும் கதையும் வேண்டிய அளவு வந்துவிடுகின்றன, விஞ்ஞானக் கட்டுரைதான் வருவதில்லை என்று மலர்க் குழுவினர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டனர். பௌதிகத் துறையில் படிக்கும் சில தமிழர்களுள் நானும் ஒருவன். ஆதலால் தப்ப வழியில்லை. ஆயினும் சூத்திரங்களை எழுதி நண்பர்களைத் துன்புறுத்த எனக்கு விருப்பமில்லை. ஒரு பெண்மணியின் வாழ்க்கையைச் சொல்லுகின்றேன்.

யுரேனிய அணுக்கரு இரண்டாக உடைகிறது என்பதை நாம் பள்ளிப் பாடநூலிலேயே படித்துவிட்டோம். உடைந்த துண்டு இன்னதென்று எப்படிக் கண்டார்கள் என்பதை மட்டும் ஒருவரும் நமக்குச் சொல்லவில்லை. எந்த உருப்பெருக்கிக்கும் எட்டாத துண்டு அது. பறந்து செல்லும் காலமோ இமைப்பொழுதினும் மிகக் குறைவு. அதற்குப் பெயரிட்டது எப்படி? அதன் நிறையை அறிந்தது எப்படி? அணுக்கருப் பிளவைக் கண்டுபிடித்தது என்பதே, துண்டை இனங்கண்டுகொண்டது என்பதுதான். உடைந்தது முன்பே பலருடைய ஆய்வுக்கூடங்களில் உடைந்துகொண்டுதான் இருந்தது!

மைட்னர் 1878 நவம்பரில் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். எட்டு மக்களுள் இவர் மூன்றாமவர். அந்நாளைய ஆஸ்திரியாவில் பெண்களின் பள்ளிப்படிப்பு 14 வயதோடு நின்றுவிடும். பல்கலைக் கழகத்தின் கதவு பெண்களுக்கு 1897 இல்தான் திறந்தது. விட்டுப்போன பாடங்களையெல்லாம் தனியே படித்துத் தேறி 1901 இல் உள்ளே நுழைந்தார். போல்ட்ஸ்மன் என்னும் பேராசானிடம் பௌதிகம் கற்றார். 1906 இல் டாக்டர் பட்டம் பெற்றார். மறு ஆண்டே மாக்ஸ் பிளாங்கின் விரிவுரைகளைக் கேட்கப் பெர்லினுக்குப் புறப்பட்டார். சில காலம் இருந்துவிட்டுத் திரும்பும் எண்ணம். முப்பத்தோராண்டு அங்கேயே கழிந்தது.

பெர்லினில் அவருக்கு ஓட்டோ ஹான் என்னும் இரசாயன அறிஞரின் நட்புக் கிடைத்தது. இருவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. ஹான் பொருள்களைப் பிரித்தறிவதில் வல்லவர்; மைட்னர் கதிர்களை அளப்பதில் வல்லவர். ஆனால் ஹான் வேலை செய்த இரசாயனக் கழகத்தின் தலைவர் எமில் பிஷர், கட்டடத்துக்குள் பெண்கள் நடமாடக் கூடாதென்றார். கெஞ்சிக் கேட்டபின், அடித்தளத்தில் முன்பு தச்சுப் பட்டறையாக இருந்த ஓர் அறையைத் தந்தார். அதற்குத் தனி வாயில். மாடிப்படி ஏறக்கூடாது. கழிவறைக்குக்கூடத் தெருவிலிருந்த உணவு விடுதிக்குச் செல்லவேண்டும். ஊதியமோ கிடையாது. 1909 இல் தடை நீங்கிற்று. 1912 இல் பிளாங்க் அவரைத் தம் உதவியாளராக அமர்த்தியபோதுதான் முதன்முதல் ஊதியம் கண்டார். அப்போது அவருக்கு வயது 33.

அந்தத் தச்சுப் பட்டறையில் இருவரும் கையாண்ட ஒரு முறையை இங்கே குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். பரிசலிலிருந்து கரைக்குத் தாவுகிறவன் பரிசலைப் பின்னே தள்ளிவிடுகிறான். அதுபோல ஓர் அணுக்கரு ஆல்பாத் துகளை வீசும்போது, எஞ்சிய கரு பின்னோக்கி உதைபட்டுத் தான் இருந்த படலத்தைவிட்டே வெளியே தாவுகிறது. அருகே ஒரு தட்டைவைத்தால் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். தாய்ப்பொருள் அங்கேயே கிடக்க, மகள் பொருள் மட்டும் தூய்மையாகத் தட்டில் கிடைத்துவிடும். இந்தப் பின்னுதைப்பு முறையினால் 1909 ஆம் ஆண்டளவில் ஹானும் மைட்னரும் கதிரியக்கப் பொருள்கள் சிலவற்றைப் பிரித்தெடுத்தனர்.

பின்வந்த ஆண்டுகளை விரைந்து கடக்கலாம். முதல் உலகப் போரில் ஆஸ்திரியப் படையின் மருத்துவமனைகளில் எக்ஸ் கதிர்ப் பணி. 1918 இல் ஹானோடு புரோடாக்டினியம் என்னும் தனிமத்தின் கண்டுபிடிப்பு. பெர்லினின் புறநகரான டாலெமில் கைசர் வில்லியம் இரசாயனக் கழகத்தில் தமக்கென ஒரு பௌதிகப் பிரிவு. 1926 இல் ஜெர்மனியிலேயே பௌதிகப் பேராசிரியரான முதற் பெண்மணி என்னும் சிறப்பு.

1934 இல் ரோமாபுரியில் ஃபெர்மி யுரேனியத்தின்மேல் நியூட்ரான்களை ஏவினார். புதிய கதிரியக்கங்கள் பல தோன்றின. யுரேனியம் 92 ஆம் தனிமம். அது நியூட்ரானை விழுங்கி 93, 94 என மேலே ஏறிவிட்டது என்று எல்லோரும் எண்ணினர். உடைந்திருக்கலாம் என்று இடா நோடாக் அம்மையார் ஒருவரே எழுதினார்; யாரும் செவிசாய்க்கவில்லை. மைட்னர் இவ்வாராய்ச்சியில் இறங்க விரும்பி, ஹானைத் தூண்டி உடன் இழுத்துக்கொண்டார். ஸ்ட்ராஸ்மன் என்னும் இளம் இரசாயன அறிஞரும் சேர்ந்தார். மூவரும் நான்காண்டு உழைத்து, யுரேனியத்துக்கு அப்பாற்பட்ட தனிமங்களென ஒரு நீண்ட வரிசையையே வெளியிட்டனர்.

இங்கே பௌதிகம் படியாத நண்பர்களுக்காக ஒரு சொல். ஒரு தனிமத்தின் பெயரை முடிவு செய்வது அதன் அணுக்கருவிலுள்ள மின்னூட்டம், அதாவது புரோட்டான்களின் எண்ணிக்கை. 56 இருந்தால் பேரியம், 88 இருந்தால் ரேடியம். இரசாயனக் குணங்களெல்லாம் இதைப் பொறுத்தவை. நிறை என்பது வேறு. அது புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் சேர்த்து எண்ணியது. ஒரே வீட்டில் ஒல்லியான தம்பியும் பருத்த அண்ணனும் இருப்பதுபோல, ஒரே பெயருள்ள தனிமத்தில் பல நிறைகள் இருக்கலாம். ஆகவே ஒரு துண்டை முழுதும் இனங்காண இரண்டு எண்கள் வேண்டும். சோதனைக் குழாயால் அறியக்கூடியது மின்னூட்டம் ஒன்றே.

அதையும் எளிதில் அறிய இயலாது. உண்டாகும் அணுக்கள் எந்தத் தராசுக்கும் தட்டுப்படாத அளவு சில. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் குழந்தையைத் தனியே விட்டால் காணாமற் போய்விடும். பெரியவர் கையைப் பிடித்து வந்தால் சேரவேண்டிய இடம் சேரும். அதுபோல, தேடும் தனிமத்தின் குணமுடைய சாதாரணப் பொருளைச் சிறிதளவு கரைசலில் சேர்ப்பார்கள். அது வீழ்படிவாகும்போது கதிரியக்க அணுக்களையும் கைப்பிடித்து அழைத்துவந்துவிடும். இதற்குச் சுமப்பான் என்று பெயர். ரேடியமும் பேரியமும் ஒரே குடும்பம். ரேடியத்தைத் தேடினால் சுமப்பான் பேரியம். பேரியத்தோடு வந்ததனால் அது ரேடியமே என்று நம்புவதில் உள்ள இடர் நண்பர்களுக்கு இப்போதே புலப்பட்டிருக்கும்.

1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூதர் என்பதால் மைட்னரின் பல்கலைக் கழக விரிவுரை உரிமை பறிக்கப்பட்டது. ஆஸ்திரியக் குடியுரிமை இருந்ததால் கழகத்தில் மட்டும் தொடர்ந்தார். 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவே விழுங்கப்பட்டபோது அந்தக் காப்பும் போயிற்று. வெளியேறவும் அனுமதியில்லை. டச்சு விஞ்ஞானி டிர்க் கோஸ்டர் நேரில் வந்து, ஜூலை 13 அன்று இரயிலில் அவரை எல்லை கடத்தி அழைத்துச் சென்றார். 59 வயது, ஒரு சிறு பெட்டி, பையில் 10 மார்க். எல்லைக் காவலருக்குக் கொடுக்க நேர்ந்தால் உதவட்டும் என்று ஹான் தம் அன்னையின் வைர மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தனுப்பினார். ஸ்டாக்ஹோமில் சீக்பானின் கழகத்தில் ஓர் இடம் கிடைத்தது. இடம் மட்டுமே! கருவிகளும் இல்லை, உதவியாளரும் இல்லை.

பெர்லினில் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் வேலையைத் தொடர்ந்தனர். பேரியத்தோடு வரும் ஒரு கதிரியக்கத்தை ரேடியம் என்று கருதினர். நவம்பரில் ஹான் கோபன்ஹேகனில் மைட்னரைச் சந்தித்தார். மெதுவாகச் செல்லும் ஒரு நியூட்ரான் யுரேனியத்திலிருந்து இரண்டு ஆல்பாத் துகள்களைப் பெயர்த்து அதனை 88 க்கு இறக்கியதென்பதை மைட்னரால் ஏற்கமுடியவில்லை. நன்றாகச் சோதித்துப் பாருங்கள் என வற்புறுத்தி அனுப்பினார்.

சோதித்தார்கள். உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது முதலில் ஜிப்சமும் பிறகே உப்பும் படியும் என்பதை நம் தூத்துக்குடி நண்பர்கள் அறிவார்கள். அதைப் போலவே பேரியமும் ரேடியமும் கலந்த புரோமைடுக் கரைசலைச் சிறிது சிறிதாகப் படிகமாக்கினால், முதற் படிகங்களில் ரேடியம் மிகுந்து சேரும். டிசம்பர் நடுவில் இருவரும் இதைச் செய்தனர். முதற் படிகத்திலும் கடைசிப் படிகத்திலும் கதிரியக்கம் ஒரே அளவாக இருந்தது. கைத்தவறோ என்று ஐயுற்று, ஐயமற ரேடியமாகிய மெசோதோரியத்தைச் சிறிதளவு அதே கரைசலில் கலந்து திரும்பச் செய்தனர். உண்மை ரேடியம் வழக்கம்போல் முன்னே சென்று சேர்ந்தது. யுரேனியத்திலிருந்து வந்த ரேடியம் பேரியத்தைவிட்டு அசையவே இல்லை. அது ரேடியமன்று, பேரியமே! இதைவிடத் தூய்மையான ஒரு சோதனையை நான் படித்ததில்லை. ஹானைப் பற்றிப் பின்னர்ச் சில கடுஞ்சொற்கள் சொல்லப்போகின்றேன். ஆதலால் இதை இங்கேயே சொல்லிவிடுகின்றேன்.

ஹான் டிசம்பர் 19 இல் முதன்முதலாக மைட்னருக்குத்தான் எழுதினார். பௌதிக விளக்கம் வேண்டுமென்று கேட்டார். 1939 ஜனவரி 6 இல் வெளிவந்த ஹான், ஸ்ட்ராஸ்மன் கட்டுரை மிகவும் தயங்கியே பேரியம் என்றது. மற்றத் துண்டு எதுவாயிருக்கும் என்று அவர்கள் போட்ட கணக்கைப் பாருங்கள். 138 நிறையுள்ள பேரியம், 101 நிறையுள்ள மசூரியம், கூடினால் 239. மசூரியம் என்பது 43 ஆம் தனிமத்துக்கு அன்று வழங்கிய பெயர். நிறை சரியாக வந்துவிட்டது. மின்னூட்டமோ? 56 உம் 43 உம் 99. யுரேனியத்தில் இருப்பது 92!

ஸ்வீடனில் குங்கால்வ் என்னும் சிற்றூரில் கிறிஸ்துமஸ் விடுமுறை. மைட்னரின் தமக்கை மகன் ஓட்டோ ஃபிரிஷ் கோபன்ஹேகனிலிருந்து வந்திருந்தார். பனியில் மருமகன் சறுக்குக் கட்டையிலும் பெரியம்மா போன்ற சிற்றன்னை கால்நடையாகவும் உலாவச் சென்றனர். வழியில் ஒரு மரத்துண்டில் அமர்ந்து காகிதத் துணுக்கில் கணக்கிட்டனர். அணுக்கருவை ஒரு நீர்த்துளியாகக் கருதினால், யுரேனியத்தின் பெரும் மின்னூட்டம் அத்துளியின் பரப்பு இழுவிசையை ஏறக்குறைய அழித்துவிடுகிறது. நியூட்ரான் வந்து மெல்லத் தட்டினாலே இடை சிறுத்து இரண்டு துளியாகலாம். அப்படிப் பிரிந்த இரு துண்டுகளும் ஒன்றையொன்று விலக்கிப் பறக்கும் ஆற்றல் ஏறத்தாழ 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். அந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது? அணுக்கருக்களின் நிறைகளைக் கணிக்கும் வழி மைட்னருக்கு மனப்பாடம். இரு துண்டுகளும் சேர்ந்து யுரேனியத்தைவிட ஒரு புரோட்டானில் ஐந்திலொரு பங்கு இலேசானவை என்று கண்டார். ஐன்ஸ்டீனின் விதிப்படி அது 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டேதான்.

மற்றத் துண்டின் பெயரையும் அவர்களே சொன்னார்கள். நிறையைக் கூட்டவில்லை, மின்னூட்டத்தைக் கழித்தனர். 92 இல் 56 போக 36. அது கிரிப்டான். உடையும்போது நியூட்ரான்கள் சில சிதறிவிடும். யுரேனியம் 235 இல் சராசரி 2.4 என்பது பின்னால் அளந்தறிந்த உண்மை. ஆகவே நிறைக் கணக்கு ஓட்டைக் குடம். மின்னூட்டக் கணக்கில் ஒரு துளியும் சிந்தாது. சோதனைக் குழாயைத் தொடாமல், நாடிழந்து, ஒரு மரக்கட்டையில் அமர்ந்திருந்தவர் இதைச் சரியாகச் சொன்னார்.

ஃபிரிஷ் கோபன்ஹேகன் திரும்பி, ஜனவரி 13 இல் ஓர் அயனி அறைக்குள் யுரேனியத்தை வைத்துத் துண்டுகளின் பெருந்துடிப்புகளைக் கண்டார். கடினமான சோதனையன்று. ரோமிலும், பெர்லினில் மைட்னரின் பிரிவிலேயும்கூட, முன்பு இத்தகைய சோதனை நடந்ததுண்டு. ஆல்பாத் துகள்களின் தொல்லையைத் தவிர்க்க யுரேனியத்தின்மேல் ஒரு மெல்லிய தகட்டை மூடியிருந்தார்கள். அத்தகடே துண்டுகளையும் தடுத்துவிட்டது.

இனித்தான் தச்சுப் பட்டறை முறை திரும்ப வருகிறது. மைட்னர் பிப்ரவரியில் கோபன்ஹேகன் சென்றார். அவருடைய நான்காண்டு உழைப்பாகிய அந்தப் புதிய தனிமங்கள் என்னாயின? அவை உண்மையாக 93, 94 ஆனால், நியூட்ரானை விழுங்கியதால் பெறும் உதை மிகச் சிறிது. யுரேனியப் படலத்திலேயே கிடக்கும். பிளவுத் துண்டுகளானால் பின்னுதைபட்டு வெளியே பாயும். அவரும் ஃபிரிஷும் படலத்தின் எதிரே ஒரு பரப்பை வைத்துத் துண்டுகளைப் பிடித்தனர். புதிய தனிமங்களென்று அவர் பெயர் சூட்டியிருந்த கதிரியக்கங்கள் அந்தப் பரப்பில் வந்து சேர்ந்திருந்தன. எல்லாம் உடைந்த துண்டுகளே. தாம் அறுபதாம் வயது வரை ஈட்டிய புகழில் ஒரு பெரும் பகுதியைத் தாமே முன்பு கையாண்ட முறையால் தம் கையாலேயே அழித்து, அதை மார்ச்சிலேயே வெளியிட்டார். எனக்கு இந்த அம்மையாரிடம் மதிப்புப் பிறந்த இடம் குங்கால்வ் அன்று, இதுதான்.

ஒரே ஒரு கதிரியக்கம் மட்டும் படலத்தைவிட்டு நகரவில்லை. 23 நிமிடங்களில் பாதியாகும் அது, முன்பே அம்மூவர் இனங்கண்ட யுரேனியத்தின் ஓரினம். அது சிதைந்தால் உண்மையான 93 ஆகவேண்டும். அமெரிக்காவில் மக்மில்லன் இதே முறையில், சிகரெட் சுற்றும் தாள்களை அடுக்கித் துண்டுகளை அதில் பாயவிட்டு, எஞ்சிய படலத்தை ஆராய்ந்தார். 1940 இல் ஏபெல்சனோடு சேர்ந்து நெப்டூனியத்தைக் கண்டார். டாலெமில் இருந்திருந்தால் மைட்னரே அதைப் பிடித்திருப்பார் என்று எண்ணாமலிருக்க முடியவில்லை.

1944 க்குரிய இரசாயன நோபெல் பரிசு ஹானுக்கு மட்டும் என்று 1945 நவம்பரில் அறிவித்தனர். ஹிட்லரின் ஜெர்மனியில் 1938 டிசம்பரில் மைட்னரின் பெயரைக் கட்டுரையில் சேர்க்க முடியாமற் போனதை நான் குறைகூறேன். ஆட்சி ஒழிந்த பின்னும் கண்டுபிடிப்பு இரசாயனத்தால் மட்டுமே நிகழ்ந்தது என்று ஹான் சொல்லிவந்ததைத்தான் ஏற்கமுடியவில்லை. மியூனிக் அருங்காட்சியகத்தில் அந்த நியூட்ரான் மூலமும் எண்ணு கருவிகளும் ஒரு மேசைமேல் வைக்கப்பட்டிருந்தன. கருவிகள் மைட்னரின் பிரிவைச் சேர்ந்தவை. பல ஆண்டுகள் அதன் பெயரோ ஹானின் மேசை! பின்னரே மூவர் பெயரும் ஏறின. அம்மையார் வருந்தினார், ஆயினும் ஹானின் நட்பைக் கடைசிவரை விடவில்லை. அணுகுண்டுப் பணிக்கு 1943 இல் வந்த அழைப்பையும் மறுத்துவிட்டார்.

துண்டுகளை இனங்காணும் கலை அதற்குப்பின் வளர்ந்த கதை பெரிது. பிறந்த துண்டில் நியூட்ரான்கள் மிகுதி. ஒவ்வொரு பீட்டாச் சிதைவிலும் அதன் மின்னூட்டம் ஒன்று ஏறும். செனான் சீசியமாகும், சீசியம் பேரியமாகும், பேரியம் லாந்தனமாகும். இரசாயன அறிஞர் கரைத்து வடிகட்டி முடிப்பதற்குள் துண்டு பெயர் மாறிவிடுகிறது! ஆகவே பறக்கும்போதே பிடிக்கவேண்டும். இரு துண்டுகளும் எதிரெதிரே சமமான உந்தத்தோடு விரைவதால், இலேசானது மிகுந்த ஆற்றலையும் கனமானது குறைந்த ஆற்றலையும் பெறும். யுரேனியம் 235 இல் அவை ஏறத்தாழ 100 உம் 68 உம். எதிரெதிரே இரு உணர்கருவிகள் வைத்து ஆற்றல்களை அளந்தால் நிறைகளின் விகிதம் வந்துவிடும். 95 ஐச் சுற்றியும் 140 ஐச் சுற்றியும் இரு குவியல்கள் தெரியும். இலேசான துண்டு நானோ வினாடிக்கு 1.4 சென்டிமீட்டர் ஓடுகிறது. அந்த ஓட்ட நேரத்தையும் அளந்தால் நிறை இன்னும் தெளிவாகும். மின்னூட்டத்துக்கு மோஸ்லியின் 1913 ஆம் ஆண்டு விதி துணை: துண்டு உமிழும் எக்ஸ் கதிரின் ஆற்றலே அதன் அணு எண்ணைச் சொல்லிவிடும். பிரான்சில் கிரெனோபிள் அணு உலையின் லோகன்கிரின் கருவி, காந்தப் புலத்தாலும் மின் புலத்தாலும் துண்டுகளை வளைத்து நிறைவாரியாகப் பிரிக்கிறது. அங்கே ஒரே நிறையும் ஒரே ஆற்றலும் உடைய துண்டுகளை ஒரு மென்படலத்தினூடே செலுத்துவர். மின்னூட்டம் கூடியது அதிக ஆற்றலை இழக்கும். இலேசான துண்டுகளுக்கு இது நன்கு பயன்படுகிறது. கனமானவற்றுக்கு அவ்வளவாகப் பயன்படுவதில்லை. நம் நாட்டிலும், 1956 ஆகஸ்டு 4 இல் டிராம்பேயில் அப்சரா உலை இயங்கத் தொடங்கியபின், ராஜா ராமண்ணாவும் அவரோடு உழைத்தவர்களும் அதன் நியூட்ரான்களைக் கொண்டு பிளவை ஆராய்ந்தனர்.

மைட்னர் 1960 இல் கேம்பிரிட்ஜில் குடியேறினார். 1966 இல் ஃபெர்மிப் பரிசை ஹான், ஸ்ட்ராஸ்மன் இருவரோடும் பகிர்ந்து பெற்றார். ஹான் 1968 ஜூலையிலும், மைட்னர் அதே ஆண்டு அக்டோபர் 27 இலும் காலமாயினர். அம்மையாருக்கு வயது 89. பிராம்லி என்னும் ஆங்கிலச் சிற்றூரில் தம் இளவல் வால்ட்டரின் அருகே அடக்கமானார்.

1982 ஆகஸ்டில் ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் ஆய்வுக்கூடத்தில் பிஸ்மத்தின்மேல் இரும்பு அணுக்கருக்களை ஏவினர். 83 உம் 26 உம் 109. பல நாள் ஏவியதில் கிடைத்தது ஒரே ஓர் அணு. அதனை வேகவடிகட்டியில் பிரித்து, பறந்த நேரத்தால் நிறையைக் கணித்து, ஓர் உணர்கருவியில் புதையவைத்தனர். ஐந்து மில்லி வினாடியில் அது ஆல்பாத் துகளை வீசி 107 ஆயிற்று, அதுவும் ஓர் ஆல்பாவை வீசி 105 ஆயிற்று, பிறகு 104. அந்தச் சங்கிலியைக் கொண்டே தொடக்கம் 109 என்று நிறுவினர். 1997 இல் அத்தனிமத்துக்கு மைட்னரியம் என்னும் பெயர் உறுதியாயிற்று. அந்த முதல் அணுவின் சங்கிலி, தொடங்கிய சில வினாடிகளில், 104 ஆம் தனிமத்தின் கரு தானாகவே இரண்டாகப் பிளந்ததோடு முடிந்தது.